அரவேணுவில் அலியும் லூயிசும் மோதினார்கள்

செல்லையா முதன்முதலாக மாரப்பனின் சலூனுக்குள் நுழைந்தது முடி வெட்டிக்கொள்வதற்காக அல்ல. மண்ணெண்ணெய் டின்னோடு நீலகிரி மலையில் அரவேணு கடைவீதியில் போய்க்கொண்டிருந்தவரின் காதில் உள்ளேயிருந்து ஒரு பேச்சு விழுந்தது.

"அவன் வெறும் வாய்க்காரன்யா. கையில சரக்கு கிடையாது. பாத்தியல்ல, ஃப்ரேசியர் எப்படி மல்லாத்தினான்னு."

1971 மார்ச் மாதம் அது. நியூயார்க்கில் முகமது அலி ஜோ ஃப்ரேசியரிடம் தோற்ற செய்தி பேப்பரில் வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து செல்லையாவுக்குச் சோறு இறங்கவில்லை. டின்னை வாசலில் வைத்துவிட்டு நேரே உள்ளே போனார்.

"மல்லாந்தவரு எந்திரிச்சு நின்னாருல்ல? அதச் சொல்ல மாட்டீங்களா? பட்டத்தோட வந்து ஸ்டூல்ல உக்காந்த லிஸ்டன் மறுபடி எந்திரிக்கவே இல்லையே, அது அலி வாயப் பாத்தா, கையப் பாத்தா?"

சோப்பு நுரை பூசிய முகத்தோடு நாற்காலியில் இருந்தவர் வெடுக்கென்று திரும்பினார். மாரப்பன் மட்டும் சவரக்கத்தியைச் சட்டென விலக்கியிராவிட்டால் அன்றைக்கு ஒரு காது போயிருக்கும்.

"யாருய்யா நீ?"

"செல்லையா. மேல கவர்மென்ட் தோட்டத்து பேக்டரியில வேலை. சிலோன்லேருந்து வந்திருக்கோம்."

"சிலோன்காரனுக்கு பாக்ஸிங் பத்தி என்ன தெரியும்?"

"கேட்டுப் பாருங்கண்ணே. தெரிஞ்சா சொல்றேன், தெரியாட்டி சண்ட போடுறேன்."

மாரப்பன் சிரித்துவிட்டார். நுரைக்குள் இருந்த மீசையும் கொஞ்சம் அசைந்தது. அந்த மீசைக்காரர்தான் அம்புரோஸ். வெலிங்டன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்தில் இருந்தவரை ரிங்கில் இறங்கியவர்; மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது அதற்குச் சாட்சி. இப்போது ஒரு தனியார் தேயிலை பேக்டரியில் வாட்ச்மேன். அவருக்கு உலகத்தில் ஒரே குத்துச்சண்டை வீரன்தான்: ஜோ லூயிஸ். போர்க்காலத்தில் இத்தாலியில் சிப்பாய்களுக்காக லூயிஸ் ரிங்கில் ஏறிக் காட்டியதைக் கூட்டத்தின் கடைசியில் ஒரு லாரியின் மேல் நின்று பார்த்ததாக அம்புரோஸ் சொல்வார். "இடது கை வர்றதே தெரியாது. எதிராளி விழுந்த பிறகுதான் அடிச்சது தெரியும்" என்பார். பன்னிரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய பட்டத்தை விடாமல் வைத்திருந்தவன் வேறு யார் இருக்கிறான் என்பது அவருடைய கேள்வி.

மாரப்பன் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மலையில் கடை போட்டவர். அவருக்கென்றும் ஒரு ஆள் உண்டு. சலூன் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ராக்கி மார்சியானோவின் படம் இருந்தது. அவருடைய வாதம் ஒரு மூச்சில் முடிந்துவிடும். "ஏனுங்க, ஒரு மனுசன் நாப்பத்தொம்பது சண்டை போட்டு நாப்பத்தொம்பதும் செயிச்சுப்போட்டு ஊட்டுக்குப் போய்ட்டானுங்க. தோத்தவங்களப் பத்தி நீங்க ரெண்டு பேரும் என்னத்துக்குங்க பேசிட்டு இருக்கறீங்க?"

அன்று செல்லையா வீடு திரும்பியபோது மண்ணெண்ணெய் டின் காலியாகவே இருந்தது. கடை மூடிவிட்டது. மனைவி சின்னம்மை அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியிருந்ததைப் பார்த்து, அடுப்பு வெளிச்சத்திலேயே சோறு போட்டார்.

செல்லையா பிறந்தது சிலோனில் ஹட்டனுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அப்பாவும் அங்கேதான் பிறந்தார். படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு நின்றது. ஆனால் பேப்பர் என்று எது கையில் கிடைத்தாலும், மிக்சர் மடித்த துண்டாக இருந்தாலும், பிரித்துப் படித்துவிடுவார். ஹட்டன் டவுனில் ஒருமுறை சினிமாவுக்குப் போனபோது, படம் தொடங்குமுன் ஓடிய நியூஸ் ரீலில் ஓர் இளைஞன் கைகளை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, லிஸ்டன் என்ற மலை மாதிரி மனிதனைச் சுற்றிச் சுற்றி ஆடுவதைப் பார்த்தார். தலையை அரை அங்குலம் சாய்ப்பான். குத்து காற்றில் போகும். பிறகு வந்த படத்தில் என்ன கதை என்று செல்லையாவுக்குக் கடைசிவரை நினைவிருந்ததில்லை. அடுத்த வாரமும் அதே படத்துக்கு டிக்கெட் எடுத்து, நியூஸ் ரீல் முடிந்ததும் எழுந்து வந்துவிட்டார்.

பிறகு இந்தியா, சிலோன் இரண்டு நாட்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டன. குடும்பத்தில் யார் இந்த நாடு, யார் அந்த நாடு என்று பிரித்தார்கள். அண்ணன் அங்கே தங்கினார். செல்லையாவுக்கும் சின்னம்மைக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் நீலகிரியில் புதிதாகத் தேயிலை நட்டுக்கொண்டிருந்த அரசுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். செல்லையாவுக்கு பேக்டரியில் கொழுந்தை வாட்டும் மேல்மாடியில் வேலை. சின்னம்மைக்குக் கொழுந்து பறிப்பு. தேயிலையும் குளிரும் பழகியவைதான். ஆனால் பேச ஆள் இல்லை. கடையில் போய் டீக்குத் "தேத்தண்ணி" என்று கேட்டால் சிரித்தார்கள். பஸ்ஸில் ஏறினால் "சிலோன்காரங்க வந்தாச்சு" என்று தள்ளி உட்கார்ந்தார்கள். மாரப்பனின் சலூனில்தான் ஒருவர் அவரோடு சரிக்குச் சரியாகச் சண்டைக்கு வந்தார். அதற்காகவே செல்லையா ஞாயிற்றுக்கிழமை தோறும் இறங்கி வந்தார்.

சலூன் பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டமாயிற்று. சந்தைக்கு வந்த படுகர்கள், பஸ் டிரைவர்கள், தபால் ஆபீஸ் குமாஸ்தா எல்லோரும் முடி வளர்ந்தாலும் வளராவிட்டாலும் வந்து உட்கார்ந்தார்கள். பழைய சாம்பியன் டெம்ப்ஸி வந்தால் லூயிஸ் என்ன செய்வான், லூயிஸின் இடது கைக்கு எதிரே அலியின் கால் எவ்வளவு நேரம் ஓடும், மார்சியானோ குட்டையாக இருந்தது வசதியா கஷ்டமா என்றெல்லாம் சத்தம் கடைவீதி முனைவரை கேட்கும். மாரப்பன் சவரக்கத்தியைக் காற்றில் வீசி மார்சியானோவின் வலது கையைக் காட்டும்போது நாற்காலியில் இருப்பவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

ஒரே ஒருமுறைதான் அந்தக் கடையில் சத்தம் அடங்கியது. அம்புரோஸ் அன்று பழைய விஷயத்தை எடுத்தார்.

"சும்மா உலக சாம்பியன், உலக சாம்பியன்னு சொல்லாதே. அறுபத்தேழுலயே பட்டம் போச்சு. மூணு வருஷத்துக்கு மேல ரிங் பக்கமே வரலை. போன பட்டம் போனதுதான்."

செல்லையா பெஞ்சிலிருந்து எழுந்தார். வழக்கமாகக் கத்துகிறவர், அன்று மெதுவாகப் பேசினார்.

"யாரு அடிச்சுப் போச்சுண்ணே? ஆளச் சொல்லுங்க."

"அடிச்சு இல்ல. பட்டாளத்துக்கு வர மாட்டேன்னான். எடுத்துட்டாங்க."

"எப்பிடி எடுத்தாங்க?"

"உத்தரவு போட்டு."

"அதாவது கடதாசியில எழுதி எடுத்தாங்க. அண்ணே, நான் பொறந்தது ஹட்டன்ல. எங்கப்பாவும் ஹட்டன்ல. நாங்க யாருகிட்டயும் சண்ட போட்டுத் தோக்கல. ஒருநாள் கடதாசியில எழுதினாங்க, நீ இந்த நாட்டு ஆளு இல்லைன்னு. அதுக்காக நான் தோத்துட்டேன்னு சொல்லுவீங்களா? அடிச்சு வாங்கினா அது தோல்வி. எழுதி வாங்கினா அது தோல்வி இல்ல. அலி அந்த மூணு வருசமும் சாம்பியன்தான்."

தண்ணீர்க் குவளைக்குள் பிரஷ்ஷைப் போட்ட மாரப்பன் அதை எடுக்க மறந்து நின்றார். அம்புரோஸ் மீசையைத் தடவினார். பட்டாளத்துக்கு வர மறுத்தவன் மீது அவருக்கு இருந்த கோபம் உண்மையானது. அது ஒரு பேச்சில் போகக்கூடியதல்ல. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு போன பட்டத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. லூயிஸின் இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினார். அதுவே போதுமானதாக இருந்தது.

1974 அக்டோபர் கடைசியில் ஆப்பிரிக்காவில் அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதுவதாக அறிவிப்பு வந்ததும் அரவேணு சூடேறிப்போனது. ஃபோர்மன் ஒருவரிடமும் தோற்றிராதவன். அலியை வென்ற ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் திரும்பத் திரும்பக் கீழே உருட்டியவன். சலூனில் செல்லையாவைத் தவிர ஒருவர்கூட அலி ஜெயிப்பார் என்று சொல்லவில்லை. தாடை உடைந்துவிடும் என்றார்கள். உயிரோடு வந்தால் போதும் என்றார் குமாஸ்தா. மாரப்பன்கூட, "வேண்டாமுங்க செல்லையா, அந்தப் பையன் பாவமுங்க" என்றார்.

சண்டை நடந்த அன்று நமக்குக் காலை நேரம். செல்லையா வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டுவிட்டு மூடுபனிக்குள் குறுக்குப் பாதையில் ஓடி வந்தார். சலூனில் மாரப்பனின் பழைய ரேடியோவைச் சுற்றி நிற்க இடமில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையத்தின் ஆங்கிலச் செய்தி இரைச்சலுக்குள் வருவதும் போவதுமாக இருந்தது. ஆங்கிலம் நன்றாகப் புரிந்தவர் அம்புரோஸ் ஒருவர்தான். ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு அவர் கையைத் தூக்கினார். எல்லோரும் மூச்சை அடக்கினார்கள்.

கொர்ரென்று இரைச்சல். நடுவில் இரண்டு மூன்று வார்த்தைகள். மறுபடி இரைச்சல்.

அம்புரோஸ் நிமிர்ந்தார்.

"என்னாண்ணே?"

"எட்டாவது ரவுண்டு. நாக் அவுட்."

"யாரு? யாரு யார அடிச்சாங்க?"

அம்புரோஸ் தொண்டையைச் செருமினார். "கயித்துல சாஞ்சு நின்னு அடி வாங்கிட்டே இருந்திருக்கான். ஃபோர்மன் அடிச்சு அடிச்சே களைச்சுப் போயிட்டான் போல..."

அதற்கு மேல் செல்லையா கேட்கவில்லை. அவர் போட்ட கூச்சலில் வாசலில் கட்டியிருந்த குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாரப்பனைத் தூக்கிச் சுற்றினார். குமாஸ்தாவின் குடையைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஆட்டினார். ரோட்டில் இறங்கி, கைகளைத் தொங்கவிட்டு, ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தாவித் தாவி ஆடினார். குன்னூர் பஸ் ஹாரன் அடித்தபடி நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "யாருங்க செயிச்சது?" என்று கேட்டார். "நாங்க!" என்றார் செல்லையா.

அம்புரோஸால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஃபோர்மனுக்கு மூச்சு இல்ல. அதான் விழுந்தான். உன் ஆளு லூயிஸ் முன்னாடி கயித்துல சாஞ்சு நின்னிருந்தா மூணாவது ரவுண்டு பார்த்திருக்க மாட்டான்."

"போன காலத்து ஆள வச்சு எதுனாலும் சொல்லலாம்ணே. யாரு வந்து காட்டுவா?"

"நான் காட்டறேன்யா!" அம்புரோஸின் கழுத்து நரம்பு புடைத்தது. "நான் லூயிஸ். நீ அலி. மூணு ரவுண்டு. வர்றியா?"

கடை முழுவதும் செல்லையாவைப் பார்த்தது. அவர் கையில் கிளவுஸ் மாட்டியதே இல்லை. வாழ்நாளில் ஒரு மனிதரைக் கை நீட்டி அடித்ததும் இல்லை. அதெல்லாம் அவருக்கு அந்த நொடியில் நினைவுக்கு வரவில்லை.

"வர்றேன்" என்றார்.

தோட்டத்தில் பொங்கல் விளையாட்டு விழாவில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வெலிங்டனில் இருந்த பழைய சிநேகிதர்களிடம் அம்புரோஸ் இரண்டு ஜோடி கிளவுஸ் இரவல் வாங்கினார். ஒரு ஜோடியைத் தானே செல்லையாவிடம் கொண்டுவந்து கொடுத்து, கட்டைவிரலை எப்படி மடக்குவது என்றும் காட்டிவிட்டுப் போனார். "கையை உடைச்சுக்கிட்டு வந்து நிக்காதே. முழுசா வா" என்றார்.

செல்லையா பயிற்சியில் இறங்கினார். வேலை முடிந்ததும் கவ்வாத்து வெட்டி மொட்டையாக நின்ற தேயிலைச் செடிகளின் வரிசைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடுவார். மாடு கட்டும் கயிற்றை எடுத்துத் தாவுவார். முதல் வாரம் கயிறு காலில் சிக்கி விழுந்துகொண்டே இருந்தார். கூடைகளோடு திரும்பும் பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

"சிலோன்லேருந்து ஓடி வந்தது போதாதா?" என்றார் சின்னம்மை. "இன்னும் எங்க ஓடுறீங்க?"

"இது ஓட்டமில்ல புள்ள. ஆட்டம்."

"அந்தப் பெரிய மனுசன் ஒரு அடி விட்டா ஆட்டம் தெரியும்."

அப்படிச் சொன்னாரே தவிர, மறுநாள் முதல் சின்னம்மையும் வரிசை முனையில் நின்று கையைத் தட்டித் தாளம் கொடுத்தார். நடை தாளத்துக்கு வந்தது. ஒருநாள் ரேஷன் வாங்கப் போன சின்னம்மை, அம்புரோஸ் தன் பேக்டரிப் பின்புறத்தில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்துவதைப் பார்த்துவிட்டு வந்தார். மூட்டை கிழிந்து மணல் ஒழுகியதாம். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. செல்லையா நன்றாகத் தூங்கினார்.

பொங்கலன்று பள்ளிக்கூடத்து மைதானத்தில் நான்கு யூகலிப்டஸ் கம்பங்களை நட்டுத் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்தே கூட்டம். கோத்தகிரியிலிருந்தும் பக்கத்துப் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் ஆட்கள் லாரி பிடித்து வந்தார்கள். வெள்ளைப் போர்வை போர்த்திய படுகப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அதுவரை தோட்டத்து விழாவுக்கு வெளியார் யாரும் வந்ததில்லை. லயத்துப் பெண்கள் சோற்றுப் பானைகளைக்கூட இறக்காமல் ஓடி வந்திருந்தார்கள். ஓட்டப்பந்தயம், சாக்குப்பந்தயம் எதையும் யாரும் பார்க்கவில்லை. "லூயிஸ் எங்க? அலி எங்க?" என்றே சத்தம்.

மாரப்பன்தான் நடுவர். வெள்ளைச் சட்டையில் கறுப்பு போ-டை ஒன்றைக் குத்திக்கொண்டு வந்தார். "ஏனுங்க, ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங்க. இடுப்புக்குக் கீழ அடிக்கப்படாதுங்க. கடிக்கப்படாதுங்க. எனக்கும் அடி விழப்படாதுங்க." பேக்டரி வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் சுத்தியல் விழுந்தது.

முதல் ரவுண்டில் செல்லையா ஆடினார். வேறொன்றும் செய்யவில்லை. ரிங்கைச் சுற்றிச் சுற்றி, கைகளைத் தொங்கவிட்டு, தலையை இப்படியும் அப்படியும் வெட்டி ஆடினார். அம்புரோஸ் நடுவில் நின்று நிதானமாகத் திரும்பிக்கொண்டே இருந்தார். அவர் இடது கை நான்கைந்து தடவை வந்தது. ஒன்று செல்லையாவின் தோளில் பட்டது. அந்தப் பக்கம் முழுக்க மரத்துப்போயிற்று. ஆனாலும் கூட்டம் செல்லையாவின் ஒவ்வொரு தாவலுக்கும் "ஹே! ஹே!" என்றது. லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள்.

ரவுண்டு முடிந்து முக்காலியில் உட்கார்ந்ததும் சின்னம்மை ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார்.

"அடிக்கவே இல்லையே நீங்க."

"கிட்டப் போக முடியல புள்ள. சுவரு மாதிரி நிக்கிறாரு."

சின்னம்மை எதிர் மூலையைப் பார்த்தார். அம்புரோஸ் வாயை மூடி மூக்கால் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "அவர சும்மா நிக்க விடாதீங்க. சலூன்ல பேசுற மாதிரி பேசுங்க. அந்த மனுசனால பதில் சொல்லாம இருக்க முடியாது."

தண்டவாளத்தில் அடி விழுந்தது. செல்லையா ஆடிக்கொண்டே வாயைத் திறந்தார்.

"என்னாண்ணே, லூயிஸ் இப்பிடியா அடிப்பாரு? கொசு வெரட்டுற மாதிரி இருக்கு!"

கூட்டம் சிரித்தது. அம்புரோஸ் பல்லைக் கடித்தார்.

"லூயிஸ் யாருகிட்டயும் விழாத ஆளா? ஷ்மெலிங்னு ஒரு ஜெர்மன்காரன் போட்டு உருட்டினானே, அது எந்த லூயிஸ்?"

அம்புரோஸுக்கு அது தாங்கவில்லை. கைகளைத் தாழ்த்தி, கூட்டத்தையும் சாட்சிக்குக் கூப்பிடுவது போலத் திரும்பினார். "அது முப்பத்தாறுலய்யா! முப்பத்தெட்டுல அதே ஷ்மெலிங்க முதல் ரவுண்டுலயே—"

செல்லையாவின் வலது கை அவர் மூக்கின் மேல் போய் உட்கார்ந்தது.

மைதானம் எழுந்து நின்றது. தொப்பிகளும் துண்டுகளும் மேலே பறந்தன. தபால் ஆபீஸ் குமாஸ்தா பக்கத்தில் இருந்த லயத்துக்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் போர்வையை உதறிவிட்டுக் கயிற்றைப் பிடித்து உலுக்கினார். சின்னம்மை முக்காலியின் மேல் ஏறி நின்று, "இன்னொண்ணு! இன்னொண்ணு போடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அம்புரோஸின் மூக்கிலிருந்து ஒரு துளி ரத்தம் மீசையில் இறங்கியது. அவரை விடத் திகைத்து நின்றவர் செல்லையாதான். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று போட மறந்துவிட்டார்.

மூன்றாவது ரவுண்டுக்கு அம்புரோஸ் வாயை இறுக மூடிக்கொண்டு வந்தார். செல்லையா என்ன சொன்னாலும் பதில் இல்லை. ஓடி ஓடிச் செல்லையாவின் கால்களும் இரும்பாய்க் கனத்துவிட்டன. அம்புரோஸ் அவரை ஒரு மூலைக்கு நெட்டினார். அப்போதுதான் செல்லையாவுக்கு ஆப்பிரிக்காவில் அலி செய்தது நினைவு வந்தது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு கயிற்றில் சாய்ந்தார். விலாவில் ஒன்று, தோளில் ஒன்று, கையின் மேல் இரண்டு. தாங்கினார். பெரியவர் களைப்பார், கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அம்புரோஸ் களைக்கத்தான் செய்தார். ஆனால் அதற்கு முன்னால் கம்பம் களைத்துவிட்டது. பனியில் ஊறிய மண்ணிலிருந்து யூகலிப்டஸ் கம்பம் மெதுவாகச் சாய்ந்தது. அதே நேரம் லூயிஸின் இடது கையும் வந்தது. செல்லையா கயிறு, கம்பம் எல்லாவற்றோடும் பின்னால் போய், கரும்புக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண்களின் நடுவில் விழுந்தார்.

மாரப்பன் எண்ணத் தொடங்கினார். நான்கு என்றதும் சாய்ந்துகொண்டிருந்த அடுத்த கம்பத்தைப் பிடிக்க ஓடினார். திரும்பி வந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். அதற்குள் பெண்கள் செல்லையாவைத் தூக்கி நிறுத்தி ரிங்குக்குள் தள்ளிவிட்டார்கள். இடது கண் மூடிப்போயிருந்தது. ஆனாலும் அவர் கைகளைத் தொங்கவிட்டு, ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தாவ முயன்றார். அம்புரோஸ் அடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் அவரைப் பிடித்துக்கொண்டார். தண்டவாளம் ஒலிக்கும்வரை ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

மாரப்பன் அம்புரோஸின் கையை உயர்த்தினார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. செல்லையா விழாவுக்குக் கட்டியிருந்த மைக்கைக் கேட்டு வாங்கினார். மூச்சு வாங்க, வீங்கிய உதட்டோடு பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. அம்புரோஸ் அண்ணன் செல்லையாவ அடிச்சுட்டாரு. முறையா அடிச்சாரு, நான் ஒத்துக்கிறேன். ஆனா லூயிஸ் அலிய அடிக்கல. அந்த வழக்கு ஞாயித்துக்கிழமை சலூன்ல தொடரும். எல்லாரும் வந்துருங்க!"

அம்புரோஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. அன்று மாலை குமாஸ்தாவும் டிரைவர்களும் முன்வரிசைப் பெரியவர்களும் லயத்து வாசல்களில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார்கள். அம்புரோஸ் செல்லையாவின் வீட்டில் சாப்பிட்டார். சின்னம்மை முதலில் அவர் மூக்குக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, பிறகுதான் கணவரின் கண்ணைக் கவனித்தார். "விருந்தாளிக்கு முதல்ல" என்றார்.

அந்த மைக் பேச்சு செல்லையாவின் வாழ்க்கையை வேறு பக்கம் திருப்பியது. அடுத்த மாதம் கோத்தகிரியில் நடந்த கால்பந்துப் போட்டிக்கு அறிவிப்பாளராக அவரைக் கூப்பிட்டார்கள். பிறகு கபடிக்கு, திருவிழாவுக்கு, யூனியன் கூட்டத்துக்கு. பஸ்ஸில் ஏறினால் "மைக் செல்லையா வர்றார், இடம் விடு" என்றார்கள். அந்த வருஷங்களில் சிலோனிலிருந்து குடும்பங்கள் வந்துகொண்டே இருந்தன. லாரிகளில் பெட்டி படுக்கைகளோடு திருதிருவென விழித்தபடி இறங்குகிறவர்களுக்கு எந்த லயம், எங்கே தண்ணீர், எங்கே டாக்டர் என்று சொல்ல ஆபீசில் அவரையே அனுப்பினார்கள். அவர் ரிங்கில் நிற்பது போல ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, சாம்பியன்களை அழைப்பது போல அழைப்பார். "பொகவந்தலாவையிலேருந்து வந்திருக்கும் எல்லப்பன் குடும்பம்!" சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அழுதுகொண்டு இறங்கியவர்கள் என்ன ஏது என்று புரியாமலே சிரித்துவிடுவார்கள்.

1980இல் அலி மறுபடி ரிங்குக்குத் திரும்பி லாரி ஹோம்ஸிடம் தோற்றார். தோற்றார் என்பதைவிட, அடிக்கவே கை வராமல் நின்றார் என்பதுதான் சரி. பேப்பரில் படத்தைப் பார்த்த செல்லையா அந்த ஞாயிற்றுக்கிழமை சலூனுக்கு இறங்கவில்லை. மதியத்துக்குமேல் அம்புரோஸே மேடேறி வந்தார். அறுபதை நெருங்கியிருந்தார், மூச்சு இரைத்தது. செல்லையா குத்தலான பேச்சுக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டார்.

அம்புரோஸ் சின்னம்மை கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"இதைக் கணக்குல சேர்க்கக் கூடாது" என்றார்.

"என்னாண்ணே?"

"வயசான காலத்துல வாங்கின அடி. அதை வச்சு ஒருத்தனை எடை போடக் கூடாது. லூயிஸும் கடைசியில ரிங்குக்குத் திரும்பி வந்து விழுந்தவன்தான். முப்பத்தேழு வயசுல, தலையில முடி கொட்டின பிறகு. அதுவும் கணக்கு இல்ல. உன் ஆளுக்கும் இல்ல, என் ஆளுக்கும் இல்ல. சரியா?"

செல்லையா யோசித்தார். மெல்ல அவர் கண்கள் விரிந்தன.

"அண்ணே. லூயிஸ வயசான காலத்துல விழுத்தாட்டினது யாரு?"

"மார்சியா..." அம்புரோஸ் நிறுத்தினார். அவருடைய சாய்ந்த மூக்கு விடைத்தது.

"அப்ப அந்த நாப்பத்தொம்பதுல ஒண்ணு செல்லாது."

"செல்லாதுய்யா! செல்லவே செல்லாது! எழுந்திரு, சட்டையப் போடு."

சின்னம்மை கதவோரம் நின்று பார்த்தார். இத்தனை வருஷம் எதிரும் புதிருமாக நின்ற இருவரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, இறங்குவது பாதி, ஓடுவது பாதியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைவீதி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே செல்லையா கையைக் குவித்துக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

"மாரப்பன் அண்ணே! கத்தியக் கீழ வச்சுட்டு வெளிய வாங்க!"